108 வர்றதுக்குள்ள: அக்காவின் டிப்ஸ்

புதுச்சேரிக்காரங்களுக்கு ஒரு தைரியம் உண்டு. ஜி.எச். இதோ இருக்கு, ஜிப்மர் அதோ கோரிமேட்டுல. எதுவானாலும் ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிடலாம்னு. மத்த வியாதிக்கு சரி. இதயமே நின்னுபோனா அந்தத் தைரியம்தான் ஆளைக் கொல்லும். ரத்த ஓட்டம் நின்ன நாலஞ்சு நிமிஷத்துல மூளை கெட ஆரம்பிச்சிடும். யாரும் நெஞ்சை அழுத்தலைன்னா, ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கிற வாய்ப்பு 7-லருந்து 10 சதவீதம் குறையும். ஞாயித்துக்கிழமை டூரிஸ்ட் கூட்டத்துல அந்த நேரத்துக்குள்ள இந்திரா காந்தி சிலையைக்கூடத் தாண்ட முடியாது. ஆட்டோ சீட்டுல மடக்கிப் போட்டு நெஞ்சை அழுத்தவும் முடியாது. அதனால தூக்காதே. விழுந்த இடத்துலயே ஆரம்பி.

உன் மாமனார் தினம் காலையில பீச் ரோட்டுல நடக்கிறார் இல்ல, அவர் கூட நடக்கிறவங்களுக்கும் இதைச் சொல்லி வை.

தோளைத் தட்டிச் சத்தமா கூப்பிடு. அசைவு இல்ல, மூச்சும் சரியா இல்லைன்னா உடனே தொடங்கணும். ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. இதயம் நின்ன பிறகும் கொஞ்ச நேரம், கரையில போட்ட மீன் வாயைத் திறக்கிற மாதிரி, விட்டு விட்டு ஒரு இழுப்பு வரும். குறட்டைச் சத்தம்கூடக் கேட்கும். "மூச்சு இருக்குப்பா"ன்னு சொல்லி, தண்ணி தெளிச்சு, உள்ளங்காலைத் தேய்ச்சு, சோடாவுக்கு ஆள் அனுப்புவாங்க. அந்த இழுப்பு மூச்சில்ல. நாடி தேடிக்கிட்டும் நிக்காதே. அது பழகினவங்களுக்கே தடுமாறும்.

108-ஐக் கூப்பிட்டு போனை ஸ்பீக்கர்ல போட்டு தரையில வை. நம்ம ஊர்ல மாரியம்மன் கோயில் தெருவே எத்தனை இருக்கு! வீதிப் பேரோட பகுதியையும் பக்கத்துக் கடையையும் சேர்த்துச் சொல்லு. ஒருத்தரைத் தெருமுனைக்கு அனுப்பிடு.

இனி அழுத்துற விஷயம். ஆள் கட்டில்ல இருந்தா தரைக்கு இறக்கு. மெத்தை அமுங்கினா நெஞ்சு அமுங்காது. தலையணையை எடுத்துடு. நெஞ்செலும்போட கீழ்ப்பாதியில உள்ளங்கை அடிப்பகுதியை வை, மேல இன்னொரு கை. முழங்கையை மடக்காதே. கையால தள்ளினா சீக்கிரம் ஓய்ஞ்சுடுவ, உடம்பு பாரத்தை இறக்கு. பெரியவங்களுக்கு ஆழம் 5-லருந்து 6 சென்டிமீட்டர். நிமிஷத்துக்கு 100-லருந்து 120 தடவை; அதாவது 30 எண்ணி முடிக்க 15-லருந்து 18 செகண்ட். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா எழும்ப விடு, அப்பதான் இதயத்துல மறுபடி ரத்தம் நிறையும். விலா எலும்பு முறியலாம். முறிஞ்சா ஆறும், நிறுத்தாதே. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை ஆளை மாத்துங்க.

வாயில ஊதணுமான்னு கூச்சப்பட வேண்டாம். பழகாத பொதுமக்கள் அழுத்தினாலே போதும்னு இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2017-லயே வழிமுறை கொடுத்திருக்கு. ஆனா கடல்ல மூழ்கினவங்களுக்கும் சின்னக் குழந்தைங்களுக்கும் பெரும்பாலும் மூச்சு நின்னுதான் இதயம் நிக்கும். அங்க ஊதத் தெரிஞ்சவங்க இருந்தா நல்லது. கடல் பக்கம் இருக்கிற நாம அதையும் கத்துக்கணும்.

நெஞ்சை அழுத்துற இந்த முறையை 1960-ல உலகத்துக்குச் சொன்ன மூணு பேர்ல கோவன்ஹோவன் டாக்டரே இல்ல, எலக்ட்ரிக்கல் இன்ஜினீயர். ஷாக் கொடுக்கிற கருவியை ஆராயறப்ப, அதை நெஞ்சுல அழுத்தினதுமே ரத்த அழுத்தம் ஏறுறதை அவங்க கவனிச்சாங்க. அதனால "நான் என்ன டாக்டரா"ன்னு ஒதுங்காதே!

அந்த ஷாக் கருவியோட இன்றைய சின்னப் பெட்டிதான் ஏ.இ.டி. பெட்டியைத் திறந்து சுவிட்ச் போட்டா அதுவே வழி சொல்லும். பேடை எங்க ஒட்டணும்னு படம் இருக்கும்: வலது காறையெலும்புக்குக் கீழ ஒண்ணு, இடது அக்குளுக்குக் கீழ ஒண்ணு. நம்ம கடலோரப் புழுக்கத்துல வியர்வையைத் துடைச்சுட்டு ஒட்டு. தாலிச் சங்கிலியை நகர்த்து, ரவிக்கையைக் கத்தரிச்சுடு. பொம்பளைன்னா கை வைக்கத் தயங்குறது உலகம் முழுக்க ஆய்வுகள்ல தெரிஞ்ச விஷயம். நாலு பொம்பளைங்க சுத்தி நின்னு புடவையால மறைச்சா போச்சு, உயிரை விடவா மானம் பெருசு? தேவையில்லைன்னா கருவி ஷாக்கே தராது. தர்றப்ப யாரும் தொடக்கூடாது; தந்ததும் பேடை எடுக்காம உடனே அழுத்து.

பிரெஞ்சு ராணுவத்துல இருந்த சொல்தா வீட்டுக்காரங்க யாரையாவது கேட்டுப் பாரு. பிரான்ஸ்ல 2007-லருந்தே இந்தக் கருவியை யார் வேணும்னாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். உதவ வந்த சாதாரண ஆளைப் பாதுகாக்க 2020-ல தனிச் சட்டமே வந்துடுச்சு. சிங்கப்பூர்ல குடியிருப்பு பிளாக்குகளோட லிஃப்ட் பக்கத்துலயே மாட்டி வெச்சிருக்காங்க. இங்க லட்சக்கணக்குல சீரியல் லைட் போடுற கல்யாண மண்டபத்துல இந்தப் பெட்டியைக் கேட்டா நம்மளை வினோதமாப் பார்ப்பாங்க. கேட்டுக்கிட்டே இருக்கணும்.

உன் அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்துல வாங்கலாம்னு பேசினா, பேட்டரிக்கும் பேடுக்கும் காலாவதித் தேதி என்னன்னு எழுதி வாங்கிக்கோ. பூட்டின ரூம்ல வைக்க விடாதே, வாட்ச்மேனுக்கும் காட்டிக் கொடு. ரெட் கிராஸ், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் மாதிரி அமைப்புங்க முதலுதவி வகுப்பு நடத்துது. பொம்மை மேல ஒருதடவை அழுத்திப் பார்த்தாத்தான் அந்த 5 சென்டிமீட்டர் எவ்வளவு ஆழம்னு கைக்குப் புரியும். மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போ, அவர் கைக்குத்தான் பலம் ஜாஸ்தி.