இதயம் துடிக்கிறதே, பிறகு எப்படி இறந்தார்?



"மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகள் தானம்" என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். எங்க வீட்டில் இந்தச் செய்தியைப் படித்தபோது பாட்டி, "நெஞ்சு துடிச்சுக்கிட்டு இருக்கும்போதே செத்துட்டாருன்னு எப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டாங்க. நல்ல கேள்விதானே! பதில் நம்ம பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்திலேயே இருக்கு.

இதயம் துடிக்க மூளையின் கட்டளை தேவையில்லை. வலது ஏட்ரியத்தின் சுவரில் உள்ள சைனோ ஏட்ரியல் கணு தானே மின்தூண்டலை உண்டாக்குகிறது. மூளையிலிருந்து வரும் நரம்புகள் வேகத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். மூச்சு அப்படி அல்ல. முகுளம் கட்டளையிடாவிட்டால் மூச்சு நின்றுவிடும்.

இதற்குச் சாட்சி வேணுமா? 1967 டிசம்பர் 3-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தினார். இதய மாற்று சிகிச்சையில் ரத்தக்குழாய்களையும் இதயத்தின் சுவர்களையும்தான் தைக்கிறார்கள், நரம்புகளை இணைப்பதில்லை. ஆனாலும் இதயம் துடிக்கிறது!

தலையில் பலத்த அடிபட்டால் மூளை வீங்கும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, மூளைக்கு ரத்தம் போவது நின்று, முகுளமும் சேர்ந்து செத்துவிடும். வென்டிலேட்டர் காற்றைச் செலுத்துவதால் மட்டும் இதயம் சிறிது காலம் ஓடும். கோமா வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவிலிருந்து மீண்டு வரலாம். மூளைச்சாவிலிருந்து மீள முடியாது.

டாக்டர்கள் அவசரப்பட்டுச் சொல்லிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். 1994-ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நான்கு டாக்டர்கள் கொண்ட குழு 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். டார்ச் அடித்தால் கண்ணின் பாவை சுருங்குதா, வென்டிலேட்டரைக் கழற்றினால் தானாக மூச்சு வருதா என்று பார்ப்பார்கள். உறுப்பு மாற்று ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் இந்தக் குழுவில் இருக்கக் கூடாது.

அதன் பிறகு நேரத்தோடு ஓட்டப்பந்தயம்தான். வெளியே எடுத்த இதயத்தைச் சுமார் 4 மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும். சிறுநீரகம் ஒரு நாள் வரை தாங்கும்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது மாணவர் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தார். பெற்றோர் இருவருமே டாக்டர்கள். மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். போலீசார் சென்னைப் போக்குவரத்தை ஒதுக்கி வழிவிட, அவர் இதயம் முகப்பேர் மருத்துவமனைக்கு விரைந்து, ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. நம்ம வயசுப் பையன்! அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பலரும் உறுப்பு தானம் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023-ல் தமிழக அரசு அறிவித்தது.

நண்பர்களே, 18 வயதானால் நாமும் தானத்துக்குப் பதிவு செய்யலாம். ஆனால் அட்டை வைத்திருந்தாலும் கடைசியில் டாக்டர்கள் சம்மதம் கேட்பது குடும்பத்தாரிடம்தான். அந்த நேரத்தில் கையைத் தொட்டால் சூடு இருக்கும், மானிட்டரில் துடிப்பு ஓடும். விவரம் தெரியாத அம்மா, அப்பா எப்படி நம்புவாங்க? அழுகைக்கு நடுவே பாடம் நடத்த முடியாது. அதனால் இன்றைக்கே, சாப்பிடும்போது, இந்த ஒரு கணுவைப் பற்றி வீட்டில் சொல்லுங்கள்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்