மூத்ததை மடியிலிருந்து இறக்காதே

தாயீ, மடியில் ஒன்றேகால் வயசுப் பிள்ளை பால் குடிக்கையிலேயே வயிற்றில் அடுத்தது தங்கிவிட்டதே என்று கலங்கி நிற்கிறாய். ஆச்சி சொல்கிறேன், கேள்.

1. முதலில் வெட்கத்தை விடு. "அதுக்குள்ளயா?" என்று கேட்பவர் யாரும் ராத்திரி எழுந்து உன் பிள்ளையைத் தூக்கப் போவதில்லை. நாலைந்து மாதம் மறைத்து வைத்திருந்து, ரத்தம் குறைந்து, முகம் வெளுத்தபின் ஆஸ்பத்திரிக்கு ஓடினவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாள் தள்ளியதுமே நர்ஸம்மாவிடம் சொல்லிப் பெயரைப் பதிந்துவிடு.

2. சூலியின் பால் விஷம் என்று சொல்லி, வேப்பெண்ணெயைத் தடவி ஒரே நாளில் பாலை மறக்கடிக்கச் சொல்வார்கள். அது விஷமில்லை. சிக்கல் இல்லாத கர்ப்பமென்றால் வயிற்றுப் பிள்ளைக்கும் கெடுதல் இல்லை. ஆனால் உதிரம் பட்டாலோ, அடிவயிறு இழுத்துப் பிடித்தாலோ, முன்பு குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, இரட்டை என்றாலோ டாக்டரைக் கேட்டே கொடு. நாலு, ஐந்து மாதத்தில் பால் வற்றும், ருசியும் மாறும். சில பிள்ளைகள் தாமாகவே விலகிவிடும். விலகாத பிள்ளையை மெல்ல மெல்லப் பழக்கு. இளையது பிறந்ததும் சீம்பால் முதலில் அதற்குத்தான்.

3. சவலைப் பிள்ளையை நம் கிழவிகளுக்குத் தெரியும். அடுத்தது வந்ததால் பால் இழந்து நலிந்து, எந்நேரமும் சிணுங்கும். 1930களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டார். தம்பியோ தங்கையோ வந்ததால் பால் நின்றுபோய், மக்காச்சோளக் கஞ்சி மட்டும் குடித்த பிள்ளைகள். கால் வீங்கி, முடி செம்பட்டையாகியிருந்தது. 'குவாஷியார்க்கர்' என்று அந்த மக்கள் இந்த நோய்க்குச் சொன்ன பெயரையே அவர் 1935-ல் மருத்துவ உலகுக்குச் சொன்னார். பால் குறைவது தவறில்லை தாயீ. அந்த இடத்தில் வெறும் கஞ்சித்தண்ணியை ஊற்றுவதுதான் தவறு. குழையப் பிசைந்த பருப்புச்சோறு, ஒரு கரண்டி நல்லெண்ணெய், முட்டை, முருங்கைக்கீரை, உளுந்தங்களி என்று கொடு. ஒரே வேளையில் திணிக்காதே. நாலைந்து வேளையாகப் பிரித்து ஊட்டு. பசும்பால் அரை லிட்டரைத் தாண்டினால் சோறு இறங்காது, ரத்தமும் குறையும். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சளி பிடிக்குமென்று பழத்தையும் கீரையையும் நிறுத்துவார்கள், நீ நிறுத்தாதே. அங்கன்வாடி சத்துமாவு உனக்கும் பிள்ளைக்கும் வருவது. வீடே உருண்டை பிடித்துத் தின்ன விடாதே.

4. கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்குக் குழம்பில் காய்த்துண்டு மிஞ்சாது. மூன்று உயிருக்கு நீ உண்கிறாய். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடு. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே, சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்தும் போடாதே. வேறு வேறு வேளைக்கு வைத்துக்கொள்.

5. நம் பக்கத்தில் பாதி வீட்டில் மடியில் சுளகும் பீடி இலையும்தான். பிள்ளை ஓடிவந்து மடியைத் தேடும். அங்கே புகையிலைத் தூள் இருக்கும். இந்த மாதங்களில் பீடி சுற்றும் வேலையைத் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளி வை. முடியாதென்றால் சுளகை ஒதுக்கி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டு தூக்கு. மூத்ததற்குப் பாலைவிட அந்த மடிதான் பெரிசு. இளையது வந்தபின்னும் தினம் கொஞ்ச நேரம் அந்த மடி மூத்ததற்கு மட்டும் என்று வை.

6. பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புமுன் அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விட வழி கேள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே இரண்டு வருஷமாவது வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கேட்கும்போது உன் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.