திரையில் வீரமகளிரும் திரைக்குப் பின் இயக்கும் மகளிரும்

வீரம் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே வாளும் வேலும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆயினும் நுணுகி நோக்குவார்க்கு வீரம் இருவகைத்து என்பது புலனாம். இடர் வந்துற்றபோது எதிர்நின்று பொருதல் ஒன்று. பலரை ஒருங்குசேர்த்து ஒரு காரியத்தைத் தொடங்கி, அதனை இறுதிவரை நடத்திச் செல்லுதல் மற்றொன்று. முன்னதைக் கண்டு உலகம் ஆரவாரிக்கும். பின்னதை உலகம் எளிதிற் கவனிப்பதில்லை.

திண்டுக்கல் நாடு இவ்விருவகை வீரத்தையும் பெண்மக்களிடத்தே கண்டதுண்டு. 1772-ஆம் ஆண்டிலே தம் கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோயிலில் ஆங்கிலக் கம்பெனிப் படையாற் கொல்லப்பட்ட பின்னர், சிவகங்கை அரசி வேலு நாச்சியார் விருப்பாட்சிப் பாளையத்திலே புகலடைந்தார். ஏறத்தாழ எட்டாண்டுகள் காத்திருந்து, ஹைதர் அலியின் துணைபெற்று, 1780-இல் தம் நாட்டை மீட்டார். பிற்காலத்தே, இளமையிற் கைம்மையுற்ற சௌந்தரம் அம்மையார் மருத்துவம் பயின்று டாக்டரானார், 1940-இல் ஜி. இராமச்சந்திரனாரை மறுமணம் புரிந்து, 1947-இல் அவருடன் சேர்ந்து, சிறுமலைச் சாரலில் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார். மருத்துவமனையும் பள்ளிகளும் கைத்தொழில்களும் அங்கே வளர்ந்தன. 1956-இல் கிராமியக் கல்வி நிலையம் எழுந்தது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. வாளேந்தியவரையும் நிலையம் அமைத்தவரையும் ஒருசேர நினைவிற்கொண்டு, நம் காலத்தின் பெருங்கலையாகிய திரைப்படத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். திரையிலே பொருதுகின்ற பெண்ணும், திரைக்குப் பின்னே நின்று படத்தை இயக்குகின்ற பெண்ணும் நம் மக்களின் எண்ணத்தை எவ்வாறு மாற்றினர் என்பதே நம் வினா.

இவ்விருவரும் நம் நாட்டுப் பேசும்படத்தில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றினர் என்பது அறியத்தக்கது. 1935-இல் பம்பாய் வாடியா மூவிடோன் நிறுவனத்தார் ‘ஹண்டர்வாலி’ என்னும் படத்தை வெளியிட்டனர். ஆஸ்திரேலியாவிற் பிறந்த நாடியா என்னும் நடிகை, முகமூடியும் சவுக்கும் தரித்துக் குதிரையேறிக் கொடியவரை ஒறுக்கும் இளவரசியாக அதில் நடித்தார். சீதையும் சாவித்திரியும் போன்ற பொறுமைக்குரிய பாத்திரங்களையே திரையிற் கண்டு பழகியிருந்த மக்கள், ஒரு பெண் ஆடவர் பலரை எதிர்த்து வீழ்த்தக் கண்டு வியந்து மகிழ்ந்தனர். ஈராண்டு கழித்து, 1937-இல், கே. அமர்நாத் இயக்கிய ‘மின்னல் கொடி’ என்னும் தமிழ்ப் படத்திலே கே. டி. ருக்மணி அவ்வகை வீராங்கனையாகத் தோன்றினார்.

இவ்விரண்டு படங்களுக்கும் இடையே, 1936-இல், ‘மிஸ் கமலா’ வெளிவந்தது. அதனை இயக்கியவர் டி. பி. ராஜலட்சுமி அம்மையார். திருவையாற்றிற் பிறந்து, சிறுமியாயிருந்தபோதே மணமுடிக்கப்பெற்று, அம்மணவாழ்வு நிலையாமற் போக, நாடக மேடையேறிப் பிழைத்தவர் அவர். 1931-இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகியும் அவரே. பின்னர்த் தாம் எழுதிய ‘கமலவல்லி’ என்னும் நாவலைக் கதையாகக் கொண்டு, தம் சொந்தக் கம்பெனியின் வாயிலாகவே ‘மிஸ் கமலா’வைத் தயாரித்து இயக்கினார். தென்னிந்தியாவில் திரைப்படம் இயக்கிய முதற் பெண்மணி என்னும் பெருமை அவரைச் சார்ந்தது. இந்தியா முழுமைக்கும் நோக்கின், 1926-இல் ‘புல்புலே பரிஸ்தான்’ என்னும் மௌனப் படத்தை இயக்கிய ஃபாத்மா பேகம் அவர்க்கு முன்னோடி ஆவார்.

இனி, இருவகைப் படங்களையும் ஒப்புநோக்குவோம். முகமூடி அணிந்த வீராங்கனை மக்களுக்கு நல்கிய நன்மை சிறிதன்று. பெண்ணின் உடல் மென்மைக்கும் நாணத்திற்கும் மட்டுமே உரியது என்னும் எண்ணத்தை அவள் அசைத்தாள். எனினும் அவள் ஆற்றல் முகமூடியோடு பிணைந்தது. அதனை அணிந்துள்ளவரை அவளுக்கு யாவும் இயலும். களைந்த பின் வீட்டில், உணவறையில், பெண்பார்க்கும் கூடத்தில் அவளுக்கு என்ன உரிமை என்பதை அக்கதைகள் வினவவில்லை. ராஜலட்சுமி அம்மையாரோ முகமூடியில்லாத கமலாவைக் கதைத் தலைவியாக்கினார். வாழ்வில் தமக்கு மறுக்கப்பட்ட தேர்வுரிமையைக் கலையிலே தாமே கையாண்டார். கதை எது, காட்சி எது, கதாநாயகி எவ்வாறு பேசுவாள் என்பவற்றைத் தாமே வகுத்தார்.

நம் நாட்டார்க்கு ஆற்றல்மிக்க பெண் என்பவள் புதியவளல்லள். திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் திருவிழாவிற்குத் திரள்வோரைக் கண்டவர் இதனை உணர்வர். இந்நம்பிக்கையைத் தழுவியே 1971-இல் ‘ஆதிபராசக்தி’யும், 1990-இல் ‘ஆடி வெள்ளி’யும், 1995-இல் ‘அம்மன்’ படமும் வந்தன. இவ்வகைப் படங்களை ஊன்றிக் காண்பவர்க்கு ஓர் உண்மை விளங்கும்: மனிதப் பெண்ணுக்குக் கண்ணீரும் பொறுமையும், தெய்வப் பெண்ணுக்குச் சூலமும் சினமும். துன்புறுபவள் ஒருத்தி, தண்டிப்பவள் வேறொருத்தி. பக்தியை யாம் குறைகூறவில்லை. ஆயினும் ஆற்றல் முழுவதையும் வானுலகிற்கு அனுப்பிவிட்டால், மண்ணுலகப் பெண்ணுக்கு எஞ்சுவது யாது என்று கேட்டல் கல்வி கற்றார் கடன் அன்றோ?

மேனாட்டு வீராங்கனையும் இவ்வினாவிற்கு உட்பட்டவளே. உளவியலறிஞர் வில்லியம் மோல்ட்டன் மார்ஸ்டன் 1941-இல் ‘வொண்டர் வுமன்’ என்னும் பாத்திரத்தைச் சித்திரக்கதையிற் படைத்தார். அவளைத் தலைவியாகக் கொண்ட பெரும்படம் திரையரங்குகளுக்கு வந்தது 2017-இல். அதாவது 76 ஆண்டுகள் கழித்து. அதனை இயக்கியவர் பாட்டி ஜென்கின்ஸ் என்னும் பெண்மணி. பெண்ணை வீராங்கனையாக எழுதுதல் எளிது, அவளை நம்பிப் பெரும் பொருளைச் செலவிடுதல் அரிது என்பதற்கு இது தக்க சான்று.

தமிழ்நாட்டிலும் இயக்கும் பொறுப்பைப் பெண்கள் எளிதிற் பெற்றிலர். தமக்கெனப் புகழும் செல்வாக்கும் ஈட்டிய நடிகையரே முதலில் அதனைப் பெற்றனர். பி. பானுமதி அம்மையார் 1953-இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்னும் மும்மொழிகளிலும் இயக்கி, அதில் இரட்டை வேடமும் தாங்கினார். சாவித்திரி அம்மையார் 1968-இல் தெலுங்கில் ‘சின்னாரி பாப்பலு’ படத்தை இயக்கினார். அதற்கு இசையமைத்தவரும் பி. லீலா என்னும் பெண்மணியே. ரேவதி 2002-இல் ‘மித்ர், மை ஃபிரெண்ட்’ என்னும் ஆங்கிலப் படத்தை இயக்கினார். நடிகையாகப் புகழெய்தாமல், உதவி இயக்குநராகப் பயின்று உயர்ந்தவர் பின்னரே பெருகினர்.

அவ்வழி வந்தவருள் ஒருவர் சுதா கொங்கரா. 2016-இல் வந்த ‘இறுதிச்சுற்று’ படத்தின் மதி, சென்னை மீனவக் குப்பத்துப் பெண், குத்துச்சண்டை பயில்பவள். அவள் கைகளில் தெய்வ வலிமை இல்லை, பயிற்சியே உண்டு. அவள் தோற்கிறாள், சினக்கிறாள், மீண்டும் எழுகிறாள். 2020-இல் வந்த ‘சூரரைப் போற்று’ ஆடவன் ஒருவனது முயற்சியைக் கூறுவதே. எனினும் அவன் மனைவி பொம்மி தனக்கென ரொட்டிக்கடை நடத்துகிறாள். கணவன் அவளிடம் பணம் கேட்டு நிற்கும் காட்சி அதில் உண்டு. 2012-இல் கௌரி ஷிண்டே இயக்கிய ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ படத்திலோ, வீட்டார் எள்ளி நகைத்த ஒரு தாய் அயல்நாட்டில் ஆங்கிலம் பயின்று, திருமண அவையில் எழுந்து பேசுகிறாள். அவள் எழுந்து நிற்கும் அச்சிறு பொழுது, குதிரைமீது பாய்தலினும் குறைந்த வீரமன்று.

ஆடவர் இயக்கிய படம் யாவும் குறையுடையன என்றோ, பெண்டிர் இயக்கிய படம் யாவும் பெண்ணுரிமை பேசுவன என்றோ எவரும் கருதற்க. கே. பாலசந்தர் 1974-இல் ‘அவள் ஒரு தொடர்கதை’யில் குடும்பச் சுமை தாங்கும் பெண்ணை உள்ளம் உருகக் காட்டினார். 2025-இல் டொமினிக் அருண் இயக்கிய ‘லோகா’ என்னும் மலையாளப் படம், மக்கள் அஞ்சிய கள்ளியங்காட்டு நீலியை ஏழைகளின் காவலியாக மாற்றிப் பெரும் வெற்றி கண்டது. மறுபுறம், காயத்ரி தம் கணவர் புஷ்கருடன் இயக்கிய ‘விக்ரம் வேதா’ (2017) ஆடவர் இருவரின் போராட்டத்தையே கூறும். ஆதலின் யாம் கூறுவது இத்துணையே: எக்கதையைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஒரு பாலார்க்கே உரியதாக இருப்பின், வீரத்தின் இலக்கணமும் அவர் வகுத்ததாகவே நின்றுவிடும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. ‘மிஸ் கமலா’வின் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. தென்னாட்டின் முதற் பெண் இயக்குநர் தம் கதைத் தலைவியை எவ்வாறு நடக்கவும் பேசவும் செய்தார் என்பதைக் கண்ணாற் காணும் பேறு நமக்கில்லை. திரையில் தோன்றிய முகம் மக்கள் நினைவில் தங்குகின்றது. இயக்கிய கை மறக்கப்படுகின்றது. பேணாத கலை அழியுமென்பதை இவ்விழப்பு நமக்கு அறிவுறுத்துகின்றது.

மாணவ நண்பர்காள், மாணவியர்காள்! ஒரு படத்தைக் கண்டு வெளிவரும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். இப்பெண்ணின் ஆற்றல் அவளுடையதா, இரவலா? முகமூடியைக் களைந்த பின் அவள் நிலை யாது? இக்கதையைத் தேர்ந்தவர் யாவர்? அடுத்துக் கல்லூரி விழாவிற்கு நாடகம் அமைக்கும்போது, மாணவியர்க்கு வேடங்கள் மட்டும் அளித்து அமையாதீர்கள். ஒத்திகைக் கூடத்தில் நாடகப் பிரதியைக் கையிலேந்தி, “இக்காட்சியை மீண்டும் நடியுங்கள்” என்று கூறும் பொறுப்பையும் அவர்பால் ஒப்புவியுங்கள். மாணவியரும் அழைப்பு வரட்டுமெனக் காத்திராமல் அப்பொறுப்பைக் கேட்டுப் பெறுவீராக. வேலு நாச்சியாரைப் போற்றும் நாடு சௌந்தரம் அம்மையாரின் வழியையும் தொடர்தல் வேண்டும். அதனை நம் கல்லூரி மேடையிலேயே தொடங்கலாம்.