இல்லத் தூய்மையும் அதன் கருவிகளும்



“கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது நம் முன்னோர் வாக்கு. தூய்மைக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஏற்ற கருவியும், அதனைக் கையாளும் அறிவும் இருந்தாற் போதும். எந்த அழுக்கு எதனால் நீங்கும், ஏன் நீங்கும் என்று அறிந்து செய்தால் உழைப்புக் குறையும், தீங்கும் நேராது. அவ்வறிவைச் சிறிது காண்போம்.

1. துடைப்பம்

தென்னங்கீற்றின் நடுநரம்பே ஈர்க்கு. அதனைச் சீவிக் கட்டினால் ஈர்க்குமாறு ஆகும். நம் நாட்டில் செம்பனை ஓலையின் ஈர்க்கும் இதற்குப் பயன்படுகிறது. வளைந்தும் எளிதில் ஒடியாத இஃது, வாசலுக்கும் கால்வாய்க்கும் ஏற்றது. வீட்டின் உள்ளே மென்மையான துடைப்பமே நன்று. முதலில் ஒட்டடை அடித்து, பின்னர் பலகைகளைத் துடைத்து, இறுதியில் தரையைக் கூட்டுதல் வேண்டும். மேலிருந்து விழும் தூசி தரையில்தானே சேரும்! வாசலைக் கூட்டுமுன் நீர் தெளித்தால் புழுதி எழாது.

2. சாம்பலும் புளியும்

விறகுச் சாம்பலில் காரத்தன்மை உண்டு. அது எண்ணெய்ப் பசையுடன் சேர்ந்து சவர்க்காரம் போன்ற பொருளாக மாறுவதால் பிசுக்கு அகல்கிறது. தேங்காய் நாரால் சாம்பலைத் தொட்டுத் தேய்ப்பதன் காரணம் இதுவே. ஆயினும் அலுமினியப் பாத்திரத்திற்குச் சாம்பல் ஆகாது; காரம் அவ்வுலோகத்தை அரித்துக் கறுக்கச் செய்யும்.

செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்குப் புளியே சிறந்தது. புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைக்கிறது. தேய்த்தபின் நன்கு கழுவி, உடனே துடைத்து உலர்த்துக. உட்புறம் கறுத்த அலுமினியப் பானையில் நீரும் எலுமிச்சைத் தோலும் இட்டுக் கொதிக்க வைத்தால் கறுப்பு நீங்கும்.

சோடா மாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் இரண்டின் ஆற்றலும் குன்றிவிடும். எனவே அவற்றைத் தனித்தனியே பயன்படுத்துவதே அறிவுடைமை.

3. துணிக்கறை

இரப்பர்ப் பால் பட்ட துணியை, பால் உறையுமுன் குளிர்ந்த நீரில் அலசுதல் வேண்டும். உறைந்த பால் நீரில் கரையாது. இரத்தக் கறைக்கும் குளிர்ந்த நீரே ஏற்றது. வெந்நீரில் முட்டை இறுகுவதுபோல் இரத்தத்திலுள்ள புரதமும் இறுகித் துணியைப் பற்றிக்கொள்ளும்.

4. நீர்த்தொட்டி

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, கலத்தின் உட்சுவரில் முட்டையிடும். அம்முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்க வல்லவை. மீண்டும் நீர் நிறைந்ததும் அவை பொரிந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். ஆகையால் நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தொட்டியின் உட்சுவரைப் பிரஷினால் அழுந்தத் தேய்த்துக் கழுவி, மூடி வைத்தல் வேண்டும். பூச்சாடித் தட்டுகளையும் அவ்வாறே கழுவுக. கொசு பெருக இடமளிப்பது, மலேசியாவில் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

5. கலக்கக் கூடாதவை

பிளீச் எனப்படும் வெளுப்பு நீரையும், கழிவறைக் கறை நீக்கும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்கலாகாது. கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். 1915ஆம் ஆண்டு, முதல் உலகப் போரில், பெல்ஜிய நாட்டின் ஈப்பர் போர்முனையில் படைவீரர்களைக் கொல்ல ஏவப்பட்டது இவ்வாயுவே. சன்னலற்ற சிறு குளியலறையில் அது எழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் உடனே வெளியேறித் தூய காற்றுள்ள இடம் செல்க. வினிகரும் அமிலமே, அதனையும் பிளீச்சுடன் சேர்க்காதீர்.

இத்தகைய நீர்மங்களைக் குளிர்பானப் போத்தல்களில் ஊற்றி வைத்தல் பெருந்தவறு. தாகத்தோடு ஓடிவரும் தம்பி, தங்கையர்க்கு வேறுபாடு தெரியாது. அவற்றை அவற்றிற்குரிய போத்தலிலேயே, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பீர்.

பெற்றோர்களே! விடியுமுன் வேலைக்காட்டிற்குச் சென்று திரும்பும் தாயிடமே துடைப்பத்தையும் விட்டுவிடுதல் முறையன்று. ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி யாவரும் பணியைப் பகிர்ந்துகொள்வீர். மாணவர்களே! தொட்டி தேய்க்கும் நாளை நாட்காட்டியில் குறித்து, அப்பணியை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லம் தூய்மையுறும், நோய் அகலும், அன்னையின் முகம் மலரும்.

சிந்தித்து விடை கூறுக

1. அலுமினியப் பாத்திரத்தைச் சாம்பலால் தேய்க்கலாகாது. ஏன்?
2. நீரைக் கொட்டிய பின்னும் தொட்டியைத் தேய்க்க வேண்டிய காரணம் யாது?
3. உங்கள் இல்லத்தில் பிளீச் எங்கே வைக்கப்பட்டுள்ளது? அவ்விடம் தக்கதா? பெற்றோருடன் ஆராய்க.