நான்கு மருந்துகளுக்கும் அஞ்சாத கிருமி

வயிற்றுக்கடுப்பு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. புதுவயலில் வசிக்கும் உங்களுக்கு அது வந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் அப்பத்தா வெந்தயத்தைத் தயிரில் கலந்து கொடுப்பார். மறுநாளும் நிற்காமல் சளியும் இரத்தமுமாகப் போனால், வீட்டிலிருந்து யாராவது மருந்துக்கடைக்குப் போய், "வயிற்றுக்கடுப்புக்கு நாலு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வருவார்கள். இரண்டைப் போட்டதும் நோய் தணியும். மீதி இரண்டும் அலமாரிக்குள் போகும். அடுத்த மாதம் தம்பிக்குச் சளி பிடித்தால் அவை அவனுக்கு! இந்த நான்கு மாத்திரைகள் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, நாம் ஜப்பான்வரை போய்வர வேண்டும்.

1897-ஆம் ஆண்டில் ஜப்பானில் சீதபேதி கொள்ளைநோயாகப் பரவியது. ஏறத்தாழ 90 ஆயிரம் பேர் நோயுற்றனர். ஐவரில் ஒருவருக்கு மேல் இறந்தனர். கியோஷி ஷிகா என்னும் 26 வயது இளைஞர் 36 நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களின் மலத்தில் கோல் வடிவமான ஒரு பாக்டீரியாவைக் கண்டார். நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை அதனுடன் சேர்த்ததும் அது கட்டி கட்டியாகத் திரண்டது. நோயாளியின் உடல் அந்தக் கிருமியோடு போரிட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அவர் பெயராலேயே அந்த இனம் ஷிகெல்லா எனப்படுகிறது. (அமீபாவாலும் சீதபேதி வரும். அதற்கு மருந்து வேறு. நோயாளி பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாது.)

ஷிகெல்லா பொல்லாதது. 10 முதல் 100 கிருமிகள் வாய்க்குள் போனாலே நோய் வந்துவிடக்கூடும். கழுவாத விரலில் அத்தனையும் தாராளமாக ஒட்டியிருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜப்பானியர் சல்ஃபா மருந்துகளால் இக்கிருமியை அடக்கினர். ஆனால் சில ஆண்டுகளிலேயே சல்ஃபாவுக்கு அடங்காத கிருமிகள் பெருகின. இது விஞ்ஞானிகள் எதிர்பார்த்ததுதான். கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ ஒன்றின் மரபுப் பொருளில் தற்செயலாக மாற்றம் நேரும். மருந்து மற்றவற்றைக் கொல்ல, அது மட்டும் பிழைத்துப் பெருகும். மருந்து எதிர்ப்பை உண்டாக்குவதில்லை, இருப்பதைப் பொறுக்கி எடுக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

1955-இல் வந்ததுதான் புதிர். ஹாங்காங்கிலிருந்து ஜப்பான் திரும்பிய ஒரு பெண்ணிடம் கண்ட ஷிகெல்லா, சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோரம்ஃபெனிகால் ஆகிய நான்குக்கும் மசியவில்லை. இது தற்செயலாக நேருமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மருந்துக்கு எதிரான மாற்றம் ஒரு கோடியில் ஒரு கிருமிக்கு நேரும் என்று கொள்வோம். நான்கு மாற்றங்களும் ஒரே கிருமியில் ஒருசேர நேர, 1-க்குப் பின் 28 சுழியங்கள் போட்ட அத்தனை கிருமிகள் வேண்டும். உங்கள் உடலிலுள்ள பாக்டீரியா அனைத்தையும் கூட்டினாலும் சுழியங்கள் 14-ஐத் தாண்டா!

அப்படியானால் எங்கிருந்து வந்தது? நோயாளிகளின் குடலில் குடியிருந்த ஈ. கோலி என்னும் பாக்டீரியாவைச் சோதித்தபோது துப்பு கிடைத்தது. பெரும்பாலும் தீங்கு செய்யாத அந்தப் பாக்டீரியாவும் அதே நான்கு மருந்துகளை எதிர்த்து நின்றது. 1959-இல் ஓச்சியாய், அகிபா ஆகியோர் தனித்தனியே ஒரு சோதனை செய்தனர். எதிர்ப்புள்ள கிருமியையும் எதிர்ப்பில்லாத கிருமியையும் ஒரே குழாயில் சேர்த்து வளர்த்தனர். சிறிது நேரத்தில் எதிர்ப்பில்லாததும் எதிர்ப்பைப் பெற்றுவிட்டது. நீங்கள் போட்ட கணக்கைப் பக்கத்து இருக்கைக்காரர் பார்த்து எழுதிக்கொள்வது போலத்தான் இது. உங்கள் நோட்டு உங்களிடமே இருக்கும்; அவரிடமும் ஒரு பிரதி இருக்கும். இப்படிக் கைமாறுவது பிளாஸ்மிட் என்னும் வளையமான டி.என்.ஏ. துணுக்கு. ஒரே துணுக்கில் நான்கு மருந்துகளுக்கும் எதிர்ப்பு எழுதப்பட்டிருக்கலாம். 1963-இல் ட்சுடோமு வாட்டனபே இதை ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய பிறகுதான் மேலை நாட்டார் பலரும் விழித்துக்கொண்டனர்.

தம்பியின் சளிக்குக் கொடுத்த மாத்திரைக்கு இப்போது வருவோம். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அந்த மாத்திரை வைரஸைத் தொடாது. அது குடலுக்குள் போய் எதிர்ப்பில்லாத ஈ. கோலியைக் கொன்று, எதிர்ப்புள்ளவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். நாளை ஷிகெல்லா உள்ளே நுழைந்தால், பார்த்து எழுத நோட்டு தயாராகக் காத்திருக்கும்.

நம் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். 1984-இல் மேற்கு வங்காளத்தில் ஷிகா கிருமியின் கொள்ளைநோய் பரவியபோது, வழக்கமான மருந்துகள் பல பயன்படவில்லை. நாலிடிக்சிக் அமிலம் கைகொடுத்தது. 1988-இல் திரிபுராவில் அதையும் எதிர்க்கும் கிருமி வந்துவிட்டது. மருத்துவர்கள் நார்ஃப்ளாக்சசின் போன்றவற்றுக்கு மாறினர். 2002-இல் சிலிகுரிப் பகுதியில் தோன்றிய கிருமி நார்ஃப்ளாக்சசினையும் சிப்ரோஃப்ளாக்சசினையும் எதிர்த்தது. பின்னிரண்டு முறையும் கிருமி முக்கியமாகக் கையாண்டது பழைய வழியை. மருந்து போய் ஒட்டும் தன் நொதியையே மாற்றிக்கொண்டது. இரவல் வாங்கியும் பிழைக்கும், சொந்த உழைப்பிலும் பிழைக்கும்! ஷிகா கண்ட அந்த வகை இன்று இந்தியாவில் அரிது. ஃப்ளெக்ஸ்னரி, சோனெய் என்னும் அதன் உறவினங்களே மிகுதி. அவற்றிலும் எதிர்ப்பு பரவியிருக்கிறது. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளை எதிர்க்கும் ஷிகெல்லாவும் கவலைக்குரிய கிருமிகளுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது.

எந்த மருந்து கேட்கும் என்பதை ஆய்வகத்தில் எப்படி அறிகிறார்கள்? வட்டத் தட்டில் அகார் கூழ் பரப்பி, அதன்மேல் கிருமியைத் தடவி, மருந்தில் தோய்த்த சிறு காகித வில்லைகளை வைத்து ஓர் இரவு விடுவார்கள். காலையில், மருந்து வேலை செய்யும் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் இருக்கும். பயனற்ற வில்லையின் ஓரம்வரை கிருமி வளர்ந்திருக்கும். வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு முடிவு சொல்வார்கள்.

இதற்கு முதலில் கிருமி உயிரோடு கிடைக்க வேண்டும். ஷிகெல்லா உடலுக்கு வெளியே சீக்கிரம் மடிந்துவிடும். ஒரு மாத்திரை உள்ளே போயிருந்தாலும் தட்டில் ஒன்றும் வளராமல் போகலாம். ஆகவே மலத்தில் இரத்தம் கண்டால், உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கத் தொடங்கிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சோதனைக்கு மலத்தைக் கொடுக்கவேண்டியது முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பு.