தானியம் நொறுக்கும் பொறிக்கு மோட்டர் தெரிதல்

பிரித்தானியாவில் வீட்டில் பியர் தயாரிப்பதற்கு அனுமதிப்பத்திரம் பெறும் முறை 1963 இல் நீக்கப்பட்டது. அங்கு இதனைப் பொழுதுபோக்காகச் செய்வோர், முளைக்க வைத்து உலர்த்திய பார்லியை இரண்டு உருக்கு உருளைகளுக்கிடையே செலுத்தி நொறுக்குவர். கைபிடியால் சுழற்றித் தோள் வலித்தவர்கள் மோட்டர் ஒன்றைப் பொருத்த முற்படுவர். அங்கும் வீட்டு மின்வழங்கல் எமது நாட்டைப் போன்று 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ் ஆகும். எனவே இக்கணிப்பு எமது அரைக்கும் பொறிகளுக்கும் உதவும்.

எத்தகைய மோட்டர் பொருத்தமானது? "வலு கூடியது" என மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. பொறிக்கு எது தேவை என்பதை முதலில் பாருங்கள். மணியின் உள்ளீடு உடைய வேண்டும். உமி பெரிதாகவே இருக்க வேண்டும். பின்னர் சாற்றை வடிக்கும்போது அந்த உமிப்படையே வடியாகத் தொழிற்படும். உருளைகள் விரைந்து சுழன்றால் உமி கிழிந்து, மாவும் கூடி, வடி அடைத்துக்கொள்ளும். ஆகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 - 200 சுழற்சிகள் என்ற தாழ்ந்த கதியும் பெரிய திருப்பமும் வேண்டும்.

370 வாற்று (அரைப் பரிவலு) தூண்டல் மோட்டர் ஒன்று நிமிடத்துக்கு 1440 முறை, அதாவது செக்கனுக்கு 24 முறை சுழல்கிறது என்க.

ஒரு சுழற்சியில் செய்யும் வேலை = 370 ÷ 24 = 15.4 யூல்
திருப்பம் = 15.4 ÷ (2 × 3.14) = 2.45 நியூற்றன் மீற்றர்

இதனை நேரடியாக இணைத்தால் கதி அதிகம், திருப்பம் குறைவு. மோட்டரில் 40 மில்லிமீற்றர், பொறியில் 320 மில்லிமீற்றர் விட்டமுள்ள கப்பிகளைப் பொருத்திப் பட்டியால் இணைத்தால் கதி 8 மடங்கு குறைந்து 180 ஆகும். திருப்பம் 8 மடங்காகி 19.6 நியூற்றன் மீற்றர் ஆகும். (வலு 8 மடங்காகாது! பரீட்சையில் புள்ளி இழக்கும் இடம் இதுவே. உராய்வினால் வலு சற்றுக் குறையவே செய்யும்.)

தானியம் நிரம்பிய நிலையில் பொறியைத் தொடக்குவதே மோட்டருக்குக் கடினமான வேலை. அதற்குத் தொடக்கத் திருப்பம் கூடிய கொள்ளளவித் தொடக்க மோட்டர் சிறந்தது. கல் சிக்கி மோட்டர் நின்றுவிட்டால் பெருமளவு மின்னோட்டம் பாய்ந்து சுருள் எரியலாம். பட்டி இருப்பின் அது வழுக்கி ஓரளவு காப்பளிக்கும். பற்சில்லு இவ்வாறு விட்டுக்கொடுக்காது.

சிலர் துளையிடும் மின்கருவியையே பொருத்துவர். அதன் குளிர்விக்கும் விசிறி மோட்டரின் அச்சிலேயே உள்ளது. மெதுவாக ஓட்டினால் விசிறியும் மெதுவாகும், சுமையோ குறையாது. நீண்ட நேரம் இவ்வாறு ஓட்டினால் கருவி சூடேறிப் பழுதடையும்.

மாத்தூசு புகாதவாறு மூடப்பட்ட மோட்டரையே தெரிக. உடலுக்குப் புவித்தொடுப்பு அவசியம். பட்டிக்கும் உருளைகளுக்கும் காப்பு மூடி இடவேண்டும், 19.6 நியூற்றன் மீற்றர் திருப்பம் விரலையும் மணியையும் வேறுபடுத்தாது.

பயிற்சி: நிமிடத்துக்கு 960 முறை சுழலும் மோட்டரினால், 240 மில்லிமீற்றர் கப்பியுள்ள பொறியை 160 முறை சுழற்ற வேண்டும். மோட்டர்க் கப்பியின் விட்டம் யாது? (விடை: 40 மில்லிமீற்றர்)