அம்மம்மாவின் ‘சத்தம்’

வெள்ளவத்தை

அன்புள்ள மருமகளுக்கு,

கொட்டாஞ்சேனையில் இருந்து நேற்றும் உன் கோல் வந்தது. கனடா மாமாவின் முகம் தெரியுதாம், குரல் கேட்கவில்லையாம், அம்மம்மா அந்தரப்படுகிறா. அவவின் கொம்பியூட்டரில் சத்தத்தை ஹெட்செட்டில் இருந்து ஸ்பீக்கருக்கு மாற்றுகிற இடம் எங்கே என்று போன மாதமும் கேட்டாய். பிழை உன்னில் இல்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்ததில் இருந்து இந்த அமைப்புகள் பழைய கொன்ட்ரோல் பனலிலும் புதிய செட்டிங்ஸிலுமாக இரண்டு வீட்டில் குடியிருக்கின்றன.

இனித் தேடாதே. அந்த இடத்தை நேரே திறக்கிற ஒரு ஷோர்ட்கட் செய்து வை. டெஸ்க்டொப்பின் வெற்றிடத்தில் மவுஸின் வலது பட்டனை அமத்து. நியூ, பிறகு ஷோர்ட்கட். இடம் கேட்கும் பெட்டியில் ‘கொன்ட்ரோல்’ என்று இங்கிலிஷில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, எம்-எம்-எஸ்-வை-எஸ், ஒரு புள்ளி, சி-பி-எல் என்று சேர். அடுத்த பெட்டி பெயர் கேட்கும். தமிழிலேயே ‘சத்தம்’ என்று வை. இரண்டு தரம் தட்டினால் ஒலிக் கருவிகளின் பட்டியல் நேரே திறக்கும். ஸ்பீக்கரைத் தெரிவுசெய்து ‘செட் டிஃபோல்ட்’ கொடு.

புதிய செட்டிங்ஸின் பக்கங்களுக்கு, இடம் கேட்கும் அதே பெட்டியில் வேறு விலாசம்: எம்-எஸ், சிறு கோடு, செட்டிங்ஸ், முக்காற்புள்ளி, அதன்பின் பக்கத்தின் பெயர். எல்லாம் இடைவெளி இல்லாமல். கடைசியில் ‘சவுண்ட்’ என்றால் ஒலி. ‘ரீஜன்லாங்குவேஜ்’ என்றால் தமிழ் விசைப்பலகை சேர்க்கிற பக்கம்.

ஷோர்ட்கட் படத்தின் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும், கவனி. விண்டோஸ் 95 காலத்தில் இருந்து அதற்கு ஒரே அர்த்தம்: இது பொருளல்ல, பொருளுக்குப் போகிற வழி. காலி வீதியில் ஓர் ஒழுங்கையின் பெயர்ப்பலகையைக் கழற்றினாலும் ஒழுங்கை கடற்கரைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அதனால் ஷோர்ட்கட்டை அழிக்கப் பயப்படாதே. அமைப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதைத் திறந்து உள்ளே மாற்றுவது உண்மையான மாற்றம். ஆகவே அம்மம்மாவுக்கு இந்த ஒன்று போதும். பத்துப் படம் வைத்தால் திரும்பவும் தேடல்தான்.

செய்து முடிந்ததும் நீ தட்டாதே, அவவைத் தட்டச் சொல்லு. இங்கிலிஷ் எழுத்து அவவுக்குப் பிடிபடாது. ‘சத்தம்’ என்பதை அவவே வாசிப்பா.

அன்புடன்,
மாமா